சம்பந்திக்கு, கிரேன் விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் சௌக்கியம். அங்கு அனைவரும் சௌக்கியமா என்று கேட்க வேண்டியது முறை. மாப்பிள்ளை சௌக்கியம் என்று தெரியும், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் என் மகளோடு போனில் பேசுகிறார். தாங்கள்தான் எட்டு நாளாகப் பேசவில்லை. போன் பழுது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், நான் போட்டால் நன்றாகவே மணி அடிக்கிறது. அடித்து அடித்துத் தானே ஓய்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணத் தேதியைச் சொல்லாவிட்டால் மண்டபத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு அப்பாக்களும் உட்கார்ந்து பேசித் தேதி வைப்பது என்று ஏற்பாடு. ஒரு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இன்னொரு அப்பாவோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். கடைசியாக அவள் பேசியது, "அவர் ஏன் அப்படி எழுந்து போனார்? நீ என்னமோ பண்ணியிருக்கேப்பா" என்பது. பண்ணியிருக்கிறேன். அதை நேரில் வந்து சொல்லும் தைரியம் இல்லாததால் நான்கு தாள் செலவழித்து எழுதுகிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தேதி பேசத்தான் வந்தீர்கள். வெயிலைப் பற்றிப் பேசினோம். டீ வந்தது. குடித்தோம். மறுபடியும் வெயிலைப் பற்றிப் பேசினோம், ஆனால் அது முதல் தடவை பேசிய அதே வெயில். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டரும் பஸ் டிப்போ பிரேக் மெக்கானிக்கும் வேறு என்னதான் பேசுவது? அப்போதுதான் இருவர் கண்ணும் மேசைமேல் இருந்த பெட்டியில் விழுந்தது. என் மகள் படம் வரையும் கட்டட கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள் நிச்சயத்துக்குக் கொடுத்த பரிசு. பிளாஸ்டிக் கட்டைகளைச் சொருகிக் கட்டும் கிரேன், மோட்டார், ரிமோட் எல்லாம் உண்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகள். "சும்மா முதல் பக்கம் மட்டும் பார்ப்போமே" என்று தாங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டீர்கள். "பார்ப்போமுங்க, பார்க்கிறதுல என்ன" என்று நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். அவ்வளவுதான். சமையலறையில் பெண்கள் இருவரும் விருந்தாளிகள் பட்டியல் எழுதி முடித்துவிட்டு வந்து பார்த்தபோது, வருங்காலச் சம்பந்திகள் தரையில் குப்புறப் படுத்து சோபாவுக்கு அடியில் ஒரு கறுப்புப் பின்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்குள் இருந்த செய்முறைப் புத்தகங்களை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று புத்தகம், ஓர் எழுத்து கிடையாது, எல்லாம் படம். ஒன்பதாவதோடு நின்றவனுக்கும் ஹெட்மாஸ்டருக்கும் சரிசமமாகப் புரிகிற புத்தகம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். தாங்கள் படத்தைப் பார்த்து, "மூணு கறுப்பு, ஒரு சாம்பல், நீளமானது ஒண்ணு" என்று வருகைப் பதிவேடு வாசிப்பது போல வாசிப்பீர்கள். நான் எடுத்துச் சொருகுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று டிப்போவில் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். தேதி பேசும் ஞாபகம் இருவருக்கும் வரவில்லை. வந்தாலும், கையில் வேலை இருக்கும்போது அதையெல்லாம் போய்ப் பேசுவார்களா?

வினை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் வந்தது. கொக்கியைத் தூக்குகிற மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம். என் விரல் தடிமனாக இருக்கிறது என்று தாங்களே மாட்டினீர்கள். படத்தில் அது இடது பக்கம். தாங்கள் மாட்டியது வலது பக்கம். இடது பக்கம் இருந்தால் கொக்கி ஏறும். வலது பக்கம் இருந்தால் இறங்கும். முப்பது வருஷமாகப் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. சொல்ல வாயையும் திறந்தேன். "அச்சு அசலா உட்கார்ந்திருச்சுங்க சம்பந்தி" என்று வந்தது. என்னைத் தப்பு என்று சொன்ன வாத்தியார்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வாத்தியாரைத் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லை. அதுவும் பெண்ணைக் கொடுக்கப் போகிற இடத்தில், ஒரு பல்சக்கரத்துக்காகவா? அதன்மேலேயே அறுநூறு துண்டுகளைக் கட்டி எழுப்பினேன். எங்கள் டிப்போவில் இப்படி ஒருத்தன் செய்திருந்தால் அவனை நான் கேட்டைத் தாண்டி விரட்டியிருப்பேன்.

மூன்றாவது வாரம் தாங்கள் போன் பேச பால்கனிக்குப் போனீர்கள். நாற்பது துண்டுகளைக் கழற்றி, சக்கரத்தை இடது பக்கம் மாற்றி, நாற்பதையும் திருப்பி மாட்டி, தாங்கள் வரும்போது ஒன்றும் தெரியாதவன் மாதிரி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். திருட்டுத்தனம் அவ்வளவு சுத்தமாக என் கைக்கு வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நான்காவது வாரம் தாங்கள் என்னை பேட்டரி வாங்க அனுப்பினீர்கள். திரும்பி வந்தால் தங்கள் முகமெல்லாம் வியர்வை, காலடியில் ஒரு பின். ரத்த அழுத்தம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். இப்போது புரிகிறது. அதற்குள் தாங்களும் தங்கள் தவறைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். என்னிடம் சொல்லக் கூச்சம். நான் ஏற்கெனவே சரிசெய்தது தெரியாமல், உள்ளே கையை விட்டு, இருந்த பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் மாற்றியிருக்கிறீர்கள். அதாவது சரியாக இருந்ததைப் பாடுபட்டுத் தப்பாக்கியிருக்கிறீர்கள். நான் யூகமாக எழுதவில்லை. கடைசி ஞாயிறு தாங்கள் எழுந்து போன பிறகு பிரித்துப் பார்த்தேன், சக்கரம் பழையபடி வலது பக்கத்தில் இருந்தது. அதற்குக் கால் முளைத்திருக்காது. "நீங்க பேட்டரிக்குப் போனப்ப அவர்தான் ரொம்ப நேரம் உள்ளே நோண்டிக்கிட்டிருந்தார். விளையாடுறாருன்னு விட்டுட்டேன்" என்று என் மனைவியும் சாட்சி சொன்னாள்.

கடைசி ஞாயிறு நடந்ததை நான் எழுதித்தான் தாங்கள் அறிய வேண்டும் என்றில்லை. ஆனாலும் எழுதினால்தான் என் நெஞ்சு ஆறும். மேசைமேல் ஆள் உயரக் கிரேன். சுற்றி இரண்டு குடும்பம். மாப்பிள்ளை, தான் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அட்டையைக் கொக்கியில் மாட்டி, "மேலே தூக்குங்கப்பா" என்றார். ரிமோட்டை வைத்துக்கொண்டு "நீங்க பண்ணுங்க", "அட, நீங்க பண்ணுங்க" என்று நாம் ஐந்து நிமிடம் உபசரித்துக்கொண்டோம். கடைசியில் தாங்கள் அழுத்தினீர்கள். அட்டை, அவசரமே இல்லாமல், அரசாங்கக் கோப்பு நகர்வது போலக் கீழே இறங்கியது. நேர் கீழே சம்பந்தியம்மாவின் டீ. தாங்கள் இன்னும் அழுத்தினீர்கள். அது இன்னும் இறங்கியது. "புது மோட்டார், பழகணும்" என்றீர்கள் தாங்கள். "ஆமாங்க, கொஞ்சம் சூடேறினா சரியாயிடும்" என்றேன் நான். அட்டை அதற்குள் டீயில் பாதி ஊறிவிட்டது. "தூக்குறதுக்கும் முக்குறதுக்கும் வித்தியாசம் தெரியாத ரெண்டு பேர்தான் இந்தக் கல்யாணத்தை நடத்தப் போறீங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

தங்கள் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. பழியை நான் வாங்கிக்கொள்வோம் என்று நினைத்து, "தப்பு என்மேலதாங்க, அந்தப் பல்சக்கரத்தை மாட்டினதே நான்தான்" என்றேன். சம்பந்தி, அது மரியாதைக்குச் சொன்னது. மாட்டியது யார் என்று நன்றாகத் தெரிந்த தங்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. எல்லார் முன்னாலும் குத்திக்காட்டுகிறான் என்று நினைத்து, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டீர்கள். நான் குத்தவில்லை. அவ்வளவு நாசூக்காகக் குத்தத் தெரிந்தவனாக இருந்தால் எங்கள் டிப்போவில் மேனேஜராகியிருப்பேன்.

ஆகவே மன்னித்துவிடுங்கள். இனி ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். தாங்கள் தப்பு செய்தால் நான் அங்கேயே "தப்பு" என்பேன். நான் செய்தால் தாங்கள் சொல்லுங்கள், வேண்டுமானால் பெஞ்சு மேல் ஏற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் பிரித்து ஒழுங்காகக் கட்டுவோம். அதற்கு முன் வெள்ளிக்கிழமைக்குள் தயவுசெய்து போனை எடுங்கள். நம் இருவர் கூச்சத்துக்குப் பிள்ளைகள் ஏன் மண்டபத்தை இழக்க வேண்டும்?

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் இன்னொரு டீ கடன் என்பதையும் சொல்லவும். மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மாறாத மரியாதையும், அதனாலேயே இத்தனை தொல்லையும் கொண்ட
வருங்காலச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மகள் இதைப் படித்துவிட்டாள். நேராகப் போய் ரிமோட்டை எடுத்து, லீவருக்கு அடியில் கடுகளவு இருந்த ஒரு ஸ்விட்சை நகத்தால் தள்ளினாள். கொக்கி மேலே ஏறியது. சக்கரம் எந்தப் பக்கம் இருந்தாலும் அதைத் தள்ளினால் போதுமாம். மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் படத்தில் இருக்கிறதாம். ஆகவே தாங்களும் தப்பு செய்யவில்லை, நானும் செய்யவில்லை, மேலே உள்ள நான்கு தாளும் வீண். பிறகு, "ரெண்டு அப்பாவும் பேசி முடிக்கிறதுக்குள்ள எங்களுக்குப் பென்ஷன் வந்துடும்" என்று சொல்லி, அவளும் மாப்பிள்ளையுமே மண்டபத்துக்காரரிடம் தேதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பதினேழாம் தேதி. அன்று எங்கள் டிப்போவில் வருடாந்தர பிரேக் சோதனை, என்னைத் தவிர கையெழுத்துப் போட ஆள் கிடையாது. தேதி தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாங்கள் போன் செய்து, தங்களுக்கு அன்று சௌகரியப்படாது என்று தாங்களாகவே சொல்வது போலச் சொல்லிவிடவும். நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.