ஏழாவது சந்தாதாரர்

"இலவசம்னா, இதுல அவனுக்கு என்ன லாபம்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் பதிவாளர்.

தொலைபேசியின் மறுமுனையில் மகள் பெருமூச்சு விட்டாள். "அப்பா, ஐந்நூறு பேர் வரைக்கும் இலவசம். அதுக்கு மேல போனாத்தான் காசு."

"பாத்தியா! வச்சிருக்கான் பாரு பொறி!"

"மொதல்ல அஞ்சு பேர் சேரட்டும்பா."

பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து அவர் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிவிட்டது. தெருவும் வீடும் அவரை இன்னும் பதிவாளர் என்றே அழைத்தன. முப்பத்திரண்டு வருடங்களில் ஒரு கையெழுத்தைக்கூடப் பூதக்கண்ணாடி இல்லாமல் அவர் நம்பியதில்லை. இப்போது தன் வம்சப் பெருமையை வலைப்பூவில் எழுதி வந்தார். முகவரி கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு கட்டுரையும் மின்னஞ்சலில் போய்ச் சேரும்படி, மகள் அதில் ஒரு பதிவுப் படிவத்தை வைத்துக் கொடுத்தாள். 'நான் இயந்திரம் இல்லை' என்று வருகிறவரே ஒப்புக்கொண்டு கட்டத்தில் குறியிட வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் ஒருவரும் சேரவில்லை. சேர வேண்டியவர்கள் அவரோடு பேசியே மூன்று வருடமாகியிருந்தது. பெரிய மைத்துனர் மகளின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் பட்டச் சான்றிதழை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்திருந்தார். சான்றிதழ் அசல். அதுதான் வினை. அன்றிலிருந்து சொந்தத்தில் யாரும் அவர் வாசலை மிதிக்கவில்லை. அவரும் யாரையும் கூப்பிடவில்லை. முதுகு வளைந்து பழக்கமில்லை.

எட்டாவது நாள் ஆறு பேர் சேர்ந்தார்கள். இரண்டு மைத்துனர்கள், தங்கை, தங்கை கணவர், சித்தப்பா மகன், பெரியம்மா மகள்.

"ஆறு பேரும் ஒரே நாள்ல!" என்று சலவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வெளியே போகும் வேலை எதுவும் இல்லை. "மனசு மாறிட்டாங்க, பாத்தியா?"

அவர் மனைவி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதாங்க" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யார் எப்போது மடலைத் திறந்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். அந்த ஆறு பேரும் மாலை நான்கு பத்துக்குத் திறந்திருந்தார்கள். அடுத்த மடலையும் அதே நேரத்துக்கு. பகல் தூக்கம் முடிந்து எழுந்ததும் அதைப் பார்த்துப் பூரித்துப் போவார்.

"ஊருக்கு ஒருத்தரா இருந்தும் ஒரே நேரம்! நம்ம குடும்பத்து ஒழுங்கு அப்படி!"

அதற்குப் பிறகுதான் அந்த ஏழாவது ஆள் வந்து சேர்ந்தான். பெயர் கேள்விப்பட்டதில்லை. விடியற்காலை ஒரு தடவை, மத்தியானம் இரண்டு தடவை என்று கண்ட நேரத்தில் திறந்தான்.

"ஒரே கட்டுரையை ஒன்பது தடவை எதுக்குத் திறக்கிறான்?"

"பிடிச்சிருக்கும்ங்க."

"என் எழுத்தா?" என்று எகிறினார். வாயை விட்ட பிறகுதான் அது யாருக்கு இழுக்கு என்று உறைத்தது.

உடனே படிவத்தைத் திருத்தினார். தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், தொழில், குடும்பத்தை அறிந்த இருவரின் அறிமுகம் எல்லாம் கட்டாயம். ஏற்கெனவே சேர்ந்தவர்களும் நிரப்ப வேண்டும்.

மறுநாள் தங்கையிடமிருந்து பதில் வந்தது: "அண்ணா, கூடப் பிறந்தவளிடமே அத்தாட்சியா? கல்யாணத்தில் பட்டது போதாதா?" பெரிய மைத்துனர் ஒரே வரியில் முடித்திருந்தார்: "அத்தான், என் முத்திரையையும் தேய்த்துப் பார்க்கிறீர்களா?"

பதிவாளருக்கு வியர்த்துவிட்டது. ஏழாவது ஆள் மட்டும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தான். அறிமுகத்துக்கு இரண்டு பெயர். ஒன்று பதிவாளரின் தாத்தா, மற்றொன்று அவனுடைய தாத்தா. பக்கத்திலேயே அடக்கமாக, 'இருவரும் காலமாகிவிட்டார்கள்' என்று குறிப்பு.

"செத்தவங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுறான்! எத்தனை போலிப் பத்திரம் பாத்திருப்பேன் நான்!"

"விட்டுத் தள்ளுங்களேன். படிச்சிட்டுப் போகட்டும்."

"உனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சூதெல்லாம் புரியாது. நீ பேசாம இரு."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

படிவத்தைப் பழையபடி ஆக்கி, சொந்தங்களிடம் மன்னிப்பு மாதிரி ஒன்றைக் கேட்டுக்கொண்டு, பதிவாளர் பொறி வைத்தார். குடும்பக் கதையைத் திருடி வெளியே பரப்பத்தான் அவன் வந்திருக்கிறான், உள்ளே யாரோ உடந்தை என்று அவருக்குச் சந்தேகம். வரி அதிகாரியாக இருந்த தாத்தா, ஒரு பணக்காரர் கையூட்டாக அனுப்பிய சுவர்க்கடிகாரத்தைத் தானே சுமந்து போய்த் திருப்பிக் கொடுத்த கதை அந்தக் குடும்பத்தின் கிரீடம். அதை ஏழு பேருக்கு ஏழு விதமாக எழுதினார். ஒருவருக்குத் தாத்தா குதிரையில் போனார். ஒருவருக்குக் கொட்டும் மழையில், ஒருவருக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில். ஏழாவது ஆளுக்கு, கடிகாரத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஏரியையே நீந்திக் கடந்தார். எந்தப் பொய் வெளியே உலவுகிறதோ, அதை வைத்துத் துரோகியைப் பிடித்துவிடலாம். பொய் எழுதுகிறோமே என்று ஒரு நிமிடம் பேனா தயங்கியது. மானத்தைக் காக்கத்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

நான்கு பத்துக்கு ஆறு பேரும் திறந்தார்கள். "அருமை" என்றார் சின்ன மைத்துனர். "கண் கலங்கிவிட்டது அண்ணா" என்றாள், குதிரைக் கதை போன தங்கை. தாத்தாவுக்குக் குதிரையைக் கண்டாலே நடுக்கம் என்பது அவளுக்குத் தெரியுமே என்று கொஞ்சம் உறுத்தியது. பெரியவர்கள் மேல் அவ்வளவு மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஏழாவது ஆளின் பதில் மட்டும் நீளமாக இருந்தது.

"ஐயா, உங்கள் தாத்தாவுக்கு நீச்சல் தெரியாது. அன்று கடிகாரத்தைத் தலையில் சுமந்து அவர் பின்னால் நடந்தவர், அவருடைய அலுவலகச் சேவகரான என் தாத்தா. வழியெல்லாம் மணிக்கொரு தரம் அது தலைமேல் அடித்ததாம். 'இது நம்முடையது இல்லை, அதனால்தான் இப்படிக் கத்துகிறது' என்று உங்கள் தாத்தா சிரித்தாராம். அதைத் தேடித்தான் உங்கள் கட்டுரைகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதையும் எழுதுவீர்களா?"

பதிவாளரின் காது மடல் சிவந்தது. தாத்தா வெறுங்கையோடு போனாராமா? வேறொருவன் சுமந்தானாமா? கிரீடத்திலேயே கை வைத்துவிட்டான்!

'நீக்கு' என்ற பொத்தானை அழுத்தினார். நீக்கியவரை மீண்டும் உங்களால் சேர்க்க முடியாது, உறுதிதானா என்று திரை கேட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக, வாசகத்தை இரண்டாம் முறை படிக்காமலே சம்மதித்தார்.

"ஒழிஞ்சான் ஏழாவது ஆள்! இனிமே அந்த ஆறு பேரும் நானும் நிம்மதியா இருப்போம்" என்று கூடத்துக்கு வந்து அறிவித்தார்.

மனைவியின் கையிலிருந்த பொத்தான் டப்பா தரையில் கொட்டியது.

"நீக்கிட்டீங்களா? ஐயோ, அவரையா நீக்கினீங்க?"

முப்பத்திரண்டு வருடம் மேஜைக்கு எதிரே நின்ற முகங்களைப் படித்தவர் அவர். அதிர்ச்சி, ஏமாற்றம், மறைக்க முடியாத குற்ற உணர்ச்சி மூன்றும் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தன. தான் பகல் தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே கிடக்கும் கைபேசியையும் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓஹோ! சேவகர் பேரனாம், கடிகாரமாம், மணி அடிச்சதாம்! கல்யாணமாகி வந்த நாளா என் தாத்தா கதையைக் கேட்டுக் கேட்டு, என்கிட்டயே கதை விட்டிருக்க! உண்மையைச் சொல்லு. அந்த ஏழாவது ஆள் நீதானே?"

அவள் குனிந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஏழாவது ஆள் நான் இல்லீங்க. மத்த ஆறு பேருதான் நான்."