சீனி மண்ணான காலை

நான் பொய் சொல்வது குறைவு. நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். வாயைத் திறந்தால்தானே பொய் வரும்? எனக்குக் கூச்சத்தில் பாதிப் பேச்சு தொண்டையிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு "இல்ல" சொல்லிச் சாகப் பார்த்தேன்.

தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் மக்ரூன் போடுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது; அதன்பிறகு எல்லாம் அடுப்படிதான். முட்டை வெள்ளைக்கருவைச் சீனி போட்டு நுரைக்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பேன். சீனி போதுமா போதாதா என்று நாக்கு சொல்லிவிடும். (சம்பளம் என் நாக்குக்குத்தான். மீதி உடம்பு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது.)

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குச் சுகர் இருப்பது தெரிந்தது. டாக்டரிடம் போவதற்குள் மச்சினன் சுடலை வந்துவிட்டான். சாத்தான்குளம் பக்கம் ஏதோ வேலியில் படர்ந்த கொடியிலிருந்து ஒரு பை நிறைய இலை. சிறுகுறிஞ்சானாம். சர்க்கரைக்கொல்லி என்றும் பேராம்.

"அத்தான், பேரிலயே கொல்லின்னு இருக்கு. பெறவு என்ன யோசனை?" என்றான்.

அவன் சொன்னபடி சாயங்காலம் சாயங்காலம் அவித்துக் குடித்தேன். பிறகுதான் டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக்கொண்டே, நாட்டுமருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் அடுத்த நோயாளிகள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். "இல்ல" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

மாத்திரை தொடங்கிய நாலாவது நாள் பெரிய கல்யாண ஆர்டர். வீடு திரும்ப நேரமாகும் என்பதால் என் மூளை அன்றைக்குப் பார்த்து வேலை செய்தது. மாத்திரையைப் போட்டேன். காலைச் சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்கால இலையைக் காலையிலேயே, பச்சையாக, சைக்கிள் மிதித்துக்கொண்டே ஆடு மாதிரி மென்றேன்.

முதல் கலவையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பே இல்லை. சவரக்கடை நுரையை நக்கிய மாதிரி இருந்தது. ஒரு கை சீனி போட்டேன். இல்லை. இன்னும் இரண்டு கை போட்டேன். இல்லை. வெறும் சீனியை அள்ளி வாயில் போட்டேன். மணல்!

நாக்கு செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கொரோனாவில் வாசனை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இது புது நோயாக இருக்கும், தூத்துக்குடியில் முதல் ஆள் நான். நாக்கு இல்லாத மக்ரூன்காரனை எவன் வைத்துக்கொள்வான்? யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற ஆளா நான்? இன்னும் இரண்டு கை சீனியைப் போட்டு, தட்டில் பிழிந்து, அடுப்புக்குள் தள்ளினேன்.

கை நடுங்கியது. வேர்த்து ஊற்றியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. எல்லாம் பயத்தால் என்று நினைத்தேன். (பயந்து பயந்து பழகியவனுக்கு இதுதான் கஷ்டம். உண்மையான நோய் வந்தாலும் பழைய பயம்தானே என்று விட்டுவிடுவான்.) அடுப்பு இரண்டாகத் தெரிந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி அண்ணாச்சி ஓடி வந்தார். அவர் மாமனார் சுகர்காரர்; பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு கை சீனியை என் வாயில் போட்டார். நான் துப்பிவிட்டேன்.

"மண்ணப் போடுதீங்களே அண்ணாச்சி" என்று அழுதேன்.

அவருக்கே சந்தேகம் வந்து, மிச்சத்தைத் தன் வாயில் போட்டுப் பார்த்தார்.

"ஏலே, சீனிதாம்லே. முழுங்கு."

"மண்ணு அண்ணாச்சி."

"மண்ணுன்னே வச்சுக்க. முழுங்குலே!"

சுற்றிலும் மூட்டை மூட்டையாகச் சீனி. நடுவில் சீனி இல்லாமல் சாகக் கிடக்கிறேன், கொடுத்த சீனியையும் துப்புகிறேன். கடைசியில் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். பச்சைத்தண்ணி என்று நம்பிக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பு ஒன்றானது.

அண்ணாச்சி பைக்கில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். சட்டைப்பையில் மிச்சமிருந்த இலையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வாயால் சொல்ல முடியாததை இப்படியாவது சொன்னேனே.

டாக்டர் திட்டவில்லை, அதுதான் கூடுதல் பயமாக இருந்தது. இந்த இலை இனிப்பு தெரியாமல் நாக்கை மறைத்துவிடும், அது கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும் என்றார். சர்க்கரையைக் குறைக்குமா என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம். ஓரளவு குறைந்ததாகச் சிலதில் தெரிகிறதாம். ஆனால் எல்லாம் கொஞ்சம் பேரை வைத்துச் செய்தவை; இதுதான் அளவு, இது ஆபத்தில்லை என்று அடித்துச் சொல்ல அது போதாதாம். மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், நீங்கள் சாப்பிடாமல் வேறு இருந்திருக்கிறீர்கள், எது எவ்வளவு இறக்கியது என்று பிரிக்க முடியாது என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

வெளியே வந்தேன். மீசையில் ஏதோ உறுத்தியது. நாக்கை நீட்டித் தொட்டேன். ஒட்டியிருந்த ஒரு சீனிப் பருக்கை. இனித்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். அண்ணாச்சி என்னைத் தெரியாதவர் மாதிரி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுப்பில் போட்ட மக்ரூன் உருகி ஓடி, தட்டு முழுக்க ஒரே அப்பளமாகக் கிடந்தது. சாயங்காலம் புதுசாக அடித்து ஆர்டரைக் கொடுத்தோம். அப்பளத்தில் பாதியை அண்ணாச்சி சுடலைக்குக் கொடுத்துவிட்டார். அவன் இன்றுவரை அது புதுப் பலகாரம் என்றுதான் சொல்லுகிறான்.

இப்போது டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே, முந்தின நாள் தின்ற கீரை வரை ஒப்பித்துவிடுகிறேன். வீட்டில் காபி கொடுக்கும்போதெல்லாம் என் மனைவி, "இன்னைக்குக் காபியா, கழனித்தண்ணியா?" என்று கேட்கிறாள். பேக்கரியில் இன்னும் மோசம். தினமும் காலையில் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் என்னை நாக்கை நீட்டச் சொல்லி, ஒரு துளி சீனி வைக்கிறார்.

"ஏலே, சீனியா, மண்ணா?"

பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். "சீனி அண்ணாச்சி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு, அந்தத் துளி கரையும் வரை, இன்றும் கை லேசாக நடுங்குகிறது.