பட்டனில் வந்த கைதட்டல்

சாப்பிடுகிற மனிதன் கைதட்டமாட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் பியானோ வாசிக்கிறவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். (பியானோ என்பது வாசல் பலகையில் மட்டும்தான். உள்ளே இருப்பது நான் பஸ்ஸில் சுமந்துபோகும் கீபோர்ட்.)

பழைய சினிமாப் பாட்டு ஒன்றை உருகி உருகி வாசித்து முடித்தால், பதிலுக்குக் கரண்டிச் சத்தம்தான் வரும். பொறுக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். என் கீபோர்டில் கைதட்டல் சத்தம் ஒன்று உண்டு. பாட்டு முடிந்ததும் அந்தப் பட்டனை நானே அழுத்துவேன். நூறு பேர் தட்டுவார்கள். நானும் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வேன். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஹாலிஎலயில் தனி அறையில் இருக்கிறவனுக்கு அந்த நூறு பேரும் துணைதான். விரலுக்கு அது பழகிப்போனது.

வார நாட்களில் நான் மடுல்சீமைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீத ஆசிரியர். தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்து ஒரு பாடகர் குழு நடத்துகிறேன். பதுளையில் மாகாணப் போட்டி வந்தது. வென்றால் கொழும்பு. அவர்களில் ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை.

"சேர், கடல்ல கால் நனைக்க விடுவீங்களா?" முன்வரிசைக் கவிதா தினமும் கேட்பாள்.

"மொதல்ல ஜெயிங்க புள்ள."

மேடை ஒழுங்கில் நான் படு கறார். "கைதட்டு கேட்டதும் கும்பிடணும். வரிசையா எறங்கணும். திரும்பிப் பாக்கக் கூடாது." பாட்டை விட இதைத்தான் அதிகம் பழக்கினேன்.

போட்டியன்று என் கீபோர்டுக்குப் பிள்ளைகள் அபாரமாகப் பாடினார்கள். பாட்டின் நடுவில் எல்லாக் குரலும் சட்டென்று நின்று, ஒரு மூச்சு அமைதிக்குப் பிறகு மெல்லத் தொடரும். அந்த இடத்தை நம்பித்தான் வந்திருந்தோம். குரல்கள் நின்றன. மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. என் இடது கை நேராகப் போய் அந்தப் பட்டனை அழுத்தியது.

நூறு பேர் தட்டினார்கள். அதை நம்பி மண்டபமும் தட்டியது. பிள்ளைகள் கும்பிட்டார்கள், வரிசையாக இறங்கினார்கள். "ஏய், ஏய்" என்று கத்தினேன். ஒருத்தியும் திரும்பவில்லை. (அவ்வளவு நல்ல பயிற்சி!)

நடுவர் அம்மா மைக்கில் கேட்டார்: "சேர், பாட்டு அவ்வளவுதாங்களா?"

"இல்லங்க, இன்னும் பாதி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாதியை நானே பாடினேன். இருபது பேர் பாட வேண்டியதை ஒரே தொண்டையில். மேல்குரல் வரும் இடத்தில் அந்தத் தொண்டை செய்த அட்டகாசத்தை விவரிக்க மாட்டேன். பாடி முடித்தபோது யாரும் தட்டவில்லை. நானும் பட்டனைத் தொடவில்லை.

கொழும்பும் போயிற்று, கடலும் போயிற்று. திரும்பும் வேனில் கவிதா கேட்டாள்: "அந்தப் பட்டன் எதுக்கு சேர்?"

"ஹோட்டல்ல யாரும் கைதட்ட மாட்டாங்க புள்ள. அதுக்குத்தான்."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்புக்குள் கால் வைத்ததும் இருபது பேரும் எழுந்து கைதட்டினார்கள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் கதையைச் சொல்லி, என்னைப் போல் பாடிக் காட்டி, பழக்கிவிடுகிறார்கள். பாடசாலை அதிபர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "என்ன சேர், ஒங்களுக்குப் பொறந்தநாளா?" என்றார். "போதும், நிறுத்துங்க" என்று நானும் அதட்டுவேன். (மெதுவாகத்தான்.)

பாடசாலைக்கு விடுமுறை விட்டால் மற்ற ஆசிரியர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு மட்டும் அந்த நாட்கள் நகரவே மாட்டேன் என்கின்றன.