மஞ்சள் தண்ணீரில் முளைத்த தலைப்பு

திருத்தங்கலில் பேருந்தை விட்டு இறங்கிய கூட்டம் நேராகப் பலவேசத்தின் மாடிக்குத்தான் ஏறியது. கல்லூரிப் பிள்ளைகள், பெற்றோர், ஒரு பேராசிரியர்கூட. ஆய்வுக் கட்டுரையைத் தொடங்கத் தெரியாதவர்களுக்குத் தலைப்பு அருளும் சித்தராம் அவர். முந்தின வருடம்வரை ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஞானம் வந்ததும் இயந்திரத்தை விற்றுவிட்டார்.

துறையைச் சொன்னால் போதும். தன் தாள்கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். சிவப்பு எழுத்தில் தலைப்பு முளைக்கும். சரஸ்வதியின் கையெழுத்தாம். அவள் அவ்வளவு கோணலாக எழுதுவாள் என்று யார் கண்டது?

என் மகள் எழில் பொருளியல் படிக்கிறாள். திங்கட்கிழமைக்குள் தலைப்பு கொடுக்காவிட்டால் அந்தப் பருவமே போய்விடும். தாயில்பட்டி பட்டாசு ஆலை வெடித்து அவள் அப்பா போனதிலிருந்து, நோட்டைத் திறந்தால் திறந்தபடியே இருந்தது. அதே வெடியில் தப்பிய நான்தான் அவளைப் பலவேசத்திடம் இழுத்துப் போனேன்.

துறையோடு எங்கள் கதையையும் சொன்னேன். முளைத்தது: 'வெடி விபத்துகளும் சனியின் பார்வையும்'.

"ஒங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோனது சனிதான் தாயி" என்றார். நான் அழுதேன். எழில் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"யம்மா, வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு டப்பா எங்க?"

மறுநாள் வெறும் தாள் ஒன்றோடு போய் நின்றாள்.

"சாமி, இதுல தெளிங்க."

"ஒன் தாளுக்கெல்லாம் அம்மா வரமாட்டா."

"வரலேன்னா நான் போயிருதேன்."

கூட்டத்திலிருந்து அச்சகக்காரர் முனியராஜ் முன்னால் வந்தார். "தெளிங்க சாமி, அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்!"

தெளித்தார். சிவந்தது: 'நாலு பேருக்கு அனுமதியுள்ள ஆலை அறையில் பதினோரு பேர் ஏன்?'

பலவேசத்துக்கே வியர்த்தது. "ஆத்தா!" என்று முனியராஜ் எழிலின் காலில் விழுந்தார். பக்திக்கு எந்தக் காலானால் என்ன?

"எந்திரிங்கண்ணே. சுண்ணாம்புத் தண்ணில நான் எழுதுனது. காஞ்சா தெரியாது, மஞ்சள் பட்டாச் செவக்கும். வீட்டுல ஆரத்தி கரைக்கும்போது பாக்கீகள்ல?"

முனியராஜ் எழுந்து, மிச்சத் தண்ணீரைத் தாள்கட்டின் மேல் கவிழ்த்தார். ஒரே நேரத்தில் நாற்பது தலைப்பு.

"ஏலே பலவேசம், சரஸ்வதி மொத்த லோடையும் முன்னாடியே எறக்கிட்டாளோ?"

பலவேசத்தின் இடம் காலியாகக் கிடந்தது. பின்படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும்.

திங்கட்கிழமை எழில் அந்தக் கேள்வியையே தலைப்பாகக் கொடுத்தாள். முதல் பேட்டி என்னிடம். "அன்னைக்கு உள்ளே யார் யாரும்மா இருந்தீங்க?" ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவள் அப்பா பெயரைக் கடைசியில்.

சனி எத்தனையாம் வீட்டில் இருந்தது என்று ஊரே அறிந்திருந்தது. அறையில் எத்தனை பேர் இருந்தோம் என்று கேட்க இவள் ஒருத்திதான் வந்தாள். நீங்கள் எப்போது கேட்கப் போகிறீர்கள்?