பாடத்திட்டத்தைக் கடித்துப் பார்த்த அங்காயி

ஏழாவது படிக்கிற பையனுக்கு எந்தப் பாடத்திட்டம் தோதாக இருக்கும், ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு எது சரிப்படும் என்று யாராவது உங்களிடம் கேட்டால், நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அட்டையையா, விலையையா, இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கிறது என்பதையா? இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள்.

ஒரு காட்டில் அங்காயி என்ற முள்ளம்பன்றி, புருஷன் வீரணனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு வளையில் குடியிருந்தாள். மூத்தவள் பூவாத்தா, இளையவன் கருத்தான். அந்தக் காட்டில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நாரை டீச்சர் சொல்லிக்கொடுத்துவிடுவார். அதற்கு மேலே படிக்க வேண்டுமானால் ஆற்றுக்கு அக்கரையில் முதலையார் நடத்தும் விடுதிப் பள்ளி ஒன்றுதான்.

நல்ல பள்ளிதான். கட்டுப்பாடான பள்ளி. அங்கே சேர்ந்த பிள்ளைகள் பொங்கலுக்கும் வீட்டுக்கு வருவதில்லை, பரீட்சை லீவுக்கும் வருவதில்லை. "படிப்பு அவ்வளவு டைட்டும்மா" என்பார் முதலையார், பல்லைக் குத்திக்கொண்டே. ஆற்றைக் கடக்கப் பள்ளிப் படகு உண்டு. படகும் அவரேதான்.

அங்கே அனுப்பப் பிரியப்படாதவர்கள் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று சிங்கராஜா உத்தரவு போட்டிருந்தார். ஒரே நிபந்தனை, இதுவரைக்கும் செய்த மாதிரி தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் போதாது, இந்த வருஷத்திலிருந்து ஏதாவது ஒரு பாடத்திட்டத்தை வாங்கி ஒழுங்காகப் படிக்க வைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் கரடி ஆய்வாளர் வீடு வீடாக வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் அன்றைக்கே பிள்ளையைப் படகில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

அங்காயிக்குத் தூக்கமே போய்விட்டது. "என்னங்க, எந்தப் பாடத்திட்டம் வாங்கறது?" என்று வீரணனைக் கேட்டாள்.

"எதை வேணா வாங்கு. என்னை மட்டும் சொல்லிக்கொடுக்கச் சொல்லாத" என்று சொல்லிவிட்டு அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாவல் மரத்தடிச் சந்தைக்குப் போனாள். அங்கே பாடத்திட்டம் விற்கிறவர்கள் கடை பரப்பியிருந்தார்கள். டோக்கன் வாங்கி வரிசையில் நின்றால் முன்னால் ஒரு காட்டெருமை. அதன் முதுகைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. ஒருவழியாக மதியத்துக்கு மேல் மயிலின் கடைக்கு முன்னால் வந்து சேர்ந்தாள்.

மயில் தோகையை விரித்து நின்றது. "வாங்க மேடம். எங்ககிட்ட ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் ஒரே பெட்டியில வந்துரும். வெளிக்காடுகள்ல எல்லாம் இதுதான்."

"கணக்கு இருக்குங்களா?"

"கணக்குன்னு நாங்க தனியா பிரிக்கிறதில்ல மேடம். வாழ்க்கையோட கலந்து வரும்."

"பெருக்கல் வாய்ப்பாடு?"

"பெருக்கலை அவங்க அனுபவிப்பாங்க."

அங்காயிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தோகை நன்றாக இருந்தது. மாதிரிக்கு ஒரு பாடத்தை வாங்கி இடுக்கிக்கொண்டாள்.

அடுத்த கடையில் மந்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் ஒரு சாமானும் இல்லை. "பாடத்திட்டமே கூடாதுங்க தாயி. அதுதான் எங்க பாடத்திட்டம். பிள்ளை எதைக் கேக்குதோ அதுதான் பாடம். கேட்டுப் பாருங்களேன்."

"டேய் கருத்தான், உனக்கு என்னடா வேணும்?"

"கிழங்கு."

"அதுக்கப்புறம்?"

"இன்னொரு கிழங்கு."

மந்தி கை தட்டியது. "பாத்தீங்களா! எவ்வளவு கோர்வையா சிந்திக்கிறான்!" என்று சொல்லி மாதிரிக்கு ஒரு காலிப் பையைக் கொடுத்தது.

கடைசியாக ஆந்தை. தூசி படிந்த கட்டுகளுக்கு நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. "இது பழைய பாடத்திட்டம்மா. பரீட்சைக்கு அதே கேள்விதான் வரும், அதே பதில்தான் எழுதணும். உங்கப்பாகூட இதைத்தான் படிச்சாரு."

"எங்கப்பா ஃபெயிலுங்க."

"அவர்தானே ஃபெயிலு? பாடத்திட்டம் பாஸ்தானே?"

அங்கேயும் ஒரு மாதிரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மயில் சொல்வதைக் கேட்டால் மயில் சொல்வதுதான் சரி. ஆந்தை சொல்வதைக் கேட்டால் ஆந்தை சொல்வதுதான் சரி. மந்தி சொன்னதை நினைத்தால், அடப்போங்க என்று இருந்தது. பூவாத்தாவுக்கு ஒன்பதாவது, அடுத்து பத்தாவது, பொதுத்தேர்வு. தப்பான புத்தகத்தை வாங்கித் தொலைத்தால் இரண்டு பேரையும் படகில் அல்லவா ஏற்ற வேண்டும்?

அப்போதுதான் அங்காயிக்கு அவள் குடும்பத்து வழக்கம் நினைவுக்கு வந்தது. முள்ளம்பன்றிகள் புதுசாக ஒரு கிழங்கைக் கண்டால் யாரிடமும் போய் விசாரிப்பதில்லை. நுனியைக் கொஞ்சம் கடித்துப் பார்க்கும். விடியும்வரை வயிற்றைப் பிசையாமல் இருந்தால் மிச்சத்தைத் தோண்டும். இத்தனை தலைமுறையாக அவள் வம்சம் தழைத்தது இப்படித்தான். கிழங்குக்குச் சரிவந்தது புத்தகத்துக்கு வராதா?

"பிள்ளைங்களா, வாங்க. ஆளுக்கு ஒரு கடி" என்றாள்.

மயிலின் பாடம் வழவழப்புத் தாள். பல்லிலேயே பிடிபடவில்லை. கருத்தானுக்கு ராத்திரியெல்லாம் கலர் கலராக ஏப்பம். மந்தியின் பையில் கடிக்க எதுவுமே இல்லை. ஆந்தையின் பாடம்தான் பாடம்! மக்கிய தாள், கஞ்சிப் பசை போட்டு ஒட்டிய முதுகு, ஓரத்தில் லேசாகக் காளான் வாசம். பூவாத்தாவும் கருத்தானும் கடைசித் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள். வீரணன்கூட எழுந்து வந்து, "இதுல எனக்கில்லையா?" என்று கேட்டான். படிப்பு விஷயத்தில் அவன் அக்கறை காட்டியது அன்றைக்குத்தான்.

ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்குமாக ஆந்தையிடம் முழுக் கட்டையும் அங்காயி வாங்கிப் போட்டாள்.

அவளும் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. "படிச்ச பக்கத்தைத்தான் கடிக்கணும். படிக்காம எவனாவது வாய வச்சீங்க, முள்ளைப் பிடுங்கிருவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் வைத்தாள். முதல் வாரம் அப்படியே நடந்தது. பூவாத்தா சத்தமாக வாசித்துவிட்டு, அம்மாவிடம் ஒப்பித்துவிட்டு, அப்புறம்தான் கடித்தாள். அடுத்த வாரம் ஒப்பிப்பது நின்றது. அதற்கடுத்து, தலைப்பைப் படித்தால் பக்கத்தைப் படித்த மாதிரிதான் என்று கருத்தான் வாதாடி ஜெயித்தான். மழை பிடித்துக்கொண்டதும் வெளியே இரை தேடப் போக முடியவில்லை. வளைக்குள் நாலு பேரும் பசியோடு உட்கார்ந்திருக்க, எதிரே வரலாறு தடிமனாக இருந்தது. அங்காயியே ஒருநாள் புவியியலில் இருந்து கொஞ்சம் தாளித்தாள்.

மழை விட்டபோது அட்டைகளும், நூல் தொங்கும் முதுகுகளும்தான் மிச்சம்.

"கரடி வர்றாரு, கரடி வர்றாரு" என்று மைனாக்கள் கத்திக்கொண்டு போனபோதுதான் அங்காயிக்கு உறைத்தது. முதுகு முள்ளெல்லாம் சடசடவென்று ஆடியது. எந்த முகத்தோடு இதைக் காட்டுவது? கருத்தானுக்கு நீந்தக்கூடத் தெரியாதே! தெரிந்தாலும் அந்தப் படகிலிருந்து நீந்தி எங்கே போவான்?

கரடி முதலில் பக்கத்துப் புதரில் நுழைந்தார். அங்கே மரிக்கொழுந்து என்ற சருகுமான் தன் மகள் அன்னக்கொடியோடு இருந்தாள். அன்னக்கொடியும் ஒன்பதாவதுதான். அவர்கள் வாங்கியதும் ஆந்தையின் கட்டைத்தான். ஆனால் வாங்கிய அன்றைக்கே மரிக்கொழுந்து எல்லாவற்றுக்கும் தேக்கிலையில் அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டிவிட்டாள். காலைக் கழுவாமல் புத்தகத்துப் பக்கம் போகக் கூடாது. தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தின் மூலையை மடக்கினால் அன்றைக்குச் சோறு கிடையாது.

அங்காயி புதருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டாள். கரடி கேட்டதற்கெல்லாம் அன்னக்கொடி பதில் சொன்னாள். கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னாள். 'போச்சுடா. இந்தப் பொண்ணுக்கு முன்னால எங்க வீட்டு ரெண்டும் எங்க நிக்கிறது?' என்று அங்காயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கரடியின் குரல் கேட்டது. "வாயால ஆயிரம் சொல்லலாம்மா. புத்தகத்தைக் காட்டு."

புத்தகங்கள் வந்தன. கரடி தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஒன்றைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது? ஒரு கீறல் இல்ல, ஒரு கறை இல்ல. எங்க பக்கத்துல ஒரு மரத்தைப் பாத்தாலே சொல்லிருவோம், எத்தனை கரடி ஏறியிருக்குன்னு. நகம் படாத மரத்துல எவனும் ஏறல. தேயாத புத்தகத்தை எவனும் படிக்கல."

"ஐயா, தினமும் படிச்சாய்யா! பக்குவமா வச்சிருக்கோம்யா!" என்று மரிக்கொழுந்து அழுதாள்.

"பக்குவமா வைக்கிறதுக்கு அது என்ன ஊறுகாயா? நான் மத்த வீட்டைப் பாத்துட்டு, சாப்பிட்டுட்டு வர்றேன். பொண்ணைக் கிளப்பி வை. படகு காத்துக்கிட்டிருக்கு."

அடுத்து அங்காயியின் வளை. கரடி குனிந்து உள்ளே நுழைந்ததும் அவள் காலிலேயே விழுந்துவிட்டாள். "ஐயா, தப்பு என் பேர்லதான். பிள்ளைங்களை ஒண்ணும் செஞ்சிராதீங்க" என்று சொல்லி, நூலும் அட்டையுமாகக் கிடந்ததை அள்ளி முன்னால் வைத்தாள்.

கரடி அதைக் கையில் எடுத்தார். குனிந்து தொங்கும் நூலை ஒவ்வொன்றாக எண்ணினார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"படிப்பு!" என்றார். "இதுதாம்மா படிப்பு! நானும் எத்தனையோ வீடு ஏறி இறங்கியிருக்கேன், இந்த அளவுக்குப் படிச்ச பிள்ளைங்களைப் பாத்ததில்ல. கடைசிப் பக்கம்கூட மிச்சமில்லையே! தம்பி, இங்க வா. ஒளிச்சேர்க்கைன்னா என்ன?"

கருத்தான் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் கசக்கும் சார்."

"ஆகா! அனுபவத்துல கத்துக்கிட்டிருக்கான்! ஏம்மா பூவாத்தா, வரலாறு எப்படி?"

"வரலாறு நல்லா இருந்துச்சு சார். தீந்துபோச்சு."

"முழுசா முடிச்சிட்டியா! சபாஷ்!" கரடி அங்காயியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளைங்களை நீயே வச்சுப் படிக்க வைம்மா. அடுத்த வருஷத்துக்கு ரெட்டைக் கட்டு வாங்கிப் போடு." இப்படிச் சொல்லிவிட்டு, வாசலில் வீரணனையும் கட்டித் தழுவப் பார்த்து, முள் குத்தி, கையை உதறிக்கொண்டே அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அங்காயிக்கு உடனே சிரிப்பு வரவில்லை. திரும்ப ஒருமுறை பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் வந்தது. வந்தது நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாள். வீரணன், "நான்தான் சொன்னேனே, எதை வேணா வாங்குன்னு" என்று அந்தப் பெருமையில் பங்கு கேட்டான்.

அவள் சிரித்து ஓய்வதற்குள் மரிக்கொழுந்து ஓடிவந்தாள். கட்டுப் புத்தகமும் கையில், அன்னக்கொடி பின்னால்.

"அக்கா, கரடி இங்க சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டுச்சு. அந்த ஆளு சாப்பிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள... எங்களுக்கு மேல்வாயில முன்பல்லே கிடையாதுக்கா. நானும் கடிச்சுப் பாத்துட்டேன், எச்சில்தான் படுது, கிழிய மாட்டேங்குது."

"அழாத புள்ள, கொண்டா இங்க" என்று அங்காயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஏங்க, எந்திரிங்க. இப்ப உங்களால ஒரு பிள்ளை படிக்கணும். நீங்க கணக்கை எடுத்துக்கங்க. கருத்தான், நீ தமிழு. பூவாத்தா, வரலாறு உனக்குத்தான், போ. அட்டையை மட்டும் விட்டு வைங்க, பேரு தெரியணும்."

நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தேக்கிலை அட்டை கழற்றப்படும் ஒவ்வொரு தடவையும் மரிக்கொழுந்து கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கரகரவென்று வேலை நடந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து கரடி ஏப்பம் விடும் சத்தம் கேட்டது. அங்காயி அறிவியல் புத்தகத்தை எடுத்து வாயைத் திறந்தாள்.

அன்னக்கொடி மெதுவாக வந்து அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, அதுல கடைசிப் பாடம் மட்டும் நான் இன்னும் படிக்கல. அதை மட்டும் விட்டுட்டுக் கடிங்களேன்."

நீதி: வீட்டில் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள், பாடத்திட்டம் வாங்குமுன் ஆய்வாளரின் கண்ணையும் அக்கம்பக்கத்தாரின் பல்லையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். படிப்பதைப் பிறகு, யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம்.