செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்

மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரே கட்டிலில்தான் இருந்தன. நீல வயரால் பிணைக்கப்பட்டும் இருந்தன. இருந்தும் ஒன்றுக்கு இன்னொன்று பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை. பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பிகள்கூட இத்தனை வீம்பு காட்ட மாட்டார்கள் என்று அருள்பாண்டிக்குத் தோன்றியது.

அது 2002. டிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருந்த அத்தனை பேரும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருப்பதற்கு அப்போது அதுதான் கௌரவமான பெயர். அருள்பாண்டி ஒருபடி மேலே போய், பழங்காநத்தத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே ஒரு லேப் போட்டுவிட்டான். மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து கழித்துக் கட்டிய மூன்று பெட்டிகள். அவற்றை இணைக்க, பச்சை விளக்குகள் மினுக்கும் ஒரு ஹப். மேஜை வாங்க வழியில்லாததால் அம்மா அன்னக்கொடியின் கட்டில். அன்னக்கொடி தரைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பரீட்சை இருபத்தெட்டாம் தேதி. அதற்கு மேல் ஒரு கெடுவும் இருந்தது. கெடு வைத்தவர் தாய்மாமன் கருத்தக்கண்ணன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், மூடி கழற்றிக் கிடந்த பெட்டிகளைக் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, பாஸாயிட்டா மெட்ராசு வேலைக்குப் போ. நானே பஸ் ஏத்தி விடுறேன். இல்லைன்னா ஒண்ணாந்தேதி கொடிக்காலுக்கு வந்துரு. அங்க ஆள் இல்லாம நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

"கண்டிப்பா பாஸ் பண்ணிருவேன் மாமா."

"பெயிலானாலும் சரி, எழுத முடியாமப் போனாலும் சரி. காரணம் கேக்க மாட்டேன். வந்துரணும்."

பத்து வயதில் ஒரு முழு லீவுக்கு அருள்பாண்டி அந்தக் கொடிக்காலில் தண்ணீர் இறைத்திருக்கிறான். அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் அவனுக்கு இடுப்பு வலிக்கும். மெட்ராஸ்மேல் அவனுக்கு அப்படியொன்றும் ஆசை இல்லை. கொடிக்கால்மேல் இருந்த பயம்தான் அவனைப் படிக்க வைத்தது.

பெட்டிகள் பேசாததற்குக் காரணம் தூசியும் சூடும் என்று முடிவு கட்டினான். அவன் படித்த இன்ஸ்டிட்யூட்டில் செருப்போடு யாரும் லேபுக்குள் போக முடியாது. கம்ப்யூட்டருக்கும் செருப்புக்கும் என்ன பகை என்று யாரும் விளக்கியதில்லை. ஆனால் அங்கே நடத்திய பாடங்களிலேயே எல்லாருக்கும் புரிந்தது அது ஒன்றுதான். எனவே ஓர் அட்டையில் 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும். பேசக் கூடாது' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டான். குளிர்ச்சிக்கு, நிலைப்படியில் ஈரப் போர்வை ஒன்றைக் கட்டினான்.

அன்னக்கொடி தன் பங்குக்கு மூன்று பெட்டிகளுக்கும் திருநீற்றுப் பட்டை இழுத்து, ஹப்பின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். மறுநாள் காலையில் மூன்று பெட்டிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. பாராட்டு யாருக்குச் சேர வேண்டும் என்பதில் தாய்க்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு வந்தது.

எதிர்வீட்டு ஒச்சம்மாள் அன்றைக்குத்தான் போர்வையை விலக்கி உள்ளே வந்தாள். ஒழுங்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள்.

"அருளு, என் வெள்ளாட்டக் காணோம்ப்பா."

அருள்பாண்டி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தண்ணித் தொட்டிகிட்டப் பாருங்க சின்னம்மா" என்றான்.

ஆடு அங்கேதான் நின்றது. அது தினமும் அங்கேதான் நிற்கும். ஒச்சம்மாள்தான் தினமும் வேறெங்காவது தேடுவாள்.

"ஆடுன்னு வாயெடுத்தேன், பச்சை லைட்டு அம்புட்டும் பதறுச்சு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, எடத்தச் சொல்லிட்டான்" என்று குழாயடியில் அவள் சொன்னது சாயங்காலத்துக்குள் மூன்று தெருவைச் சுற்றி வந்தது.

மறுநாள் வாசலில் ஏழு ஜோடி செருப்பு. அதற்கு மறுநாள் இருபது. காணாமல் போன மூக்குத்தி, வராத மாப்பிள்ளை வீட்டார், கிணற்றில் ஊறாத தண்ணீர் என்று ஆளுக்கொரு கேள்வியோடு, அட்டையில் சொன்னபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"போகச் சொல்லும்மா. நான் படிக்கணும்."

"வாசலுக்கு வந்தவங்கள எப்பிடிப்பா போகச் சொல்றது?" என்றாள் அன்னக்கொடி. இத்தனை வருடத்தில் அவளிடம் இத்தனை பேர் கை கூப்பிப் பேசியதில்லை.

அருள்பாண்டி இரண்டாவது அட்டை எழுதினான். 'இருபத்தெட்டாம் தேதி வரை யாரும் வர வேண்டாம். அதற்குப் பிறகு நான் இங்கே இருக்க மாட்டேன்.'

"இருவத்தெட்டோட சாமி மலையேறுதாம்டி" என்று செய்தி பரவியது. அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கூட்டம் இரண்டு மடங்கானது.

சரி, இரண்டு நாளை விட்டுக் கொடுத்து ஐந்து நாளைக் காப்பாற்றுவோம் என்று மூன்றாவது அட்டையில் 'செவ்வாய், வெள்ளி மட்டும்' என்று எழுதினான். குறி கேட்க உகந்த நாள்கள் அவை இரண்டும்தான் என்பது அந்தத் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான் மறந்து போயிருந்தது. அதுவரை சந்தேகப்பட்டவர்களும் நம்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது.

கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. நல்ல வாக்குக் கேட்கத்தானே வருகிறார்கள்? கெட்டதாகவே சொல்லிவிட்டால் எவன் வரப்போகிறான்?

"என் மகளுக்கு இந்த எடம் அமையுமா சாமி?"

"அமையாது."

அந்த அம்மாள் அழுவாள் என்று பார்த்தான். அவளோ நெஞ்சில் கை வைத்து, "எனக்கும் அந்த எடம் புடிக்கலப்பா. இவ அப்பாருதான் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இப்ப அந்த ஆளு வாயத் தொறக்கட்டும் பாப்போம்" என்று எழுந்து போனாள்.

துபாய்க்குப் போகலாமா என்று கேட்டவனிடம் போகாதே என்றான். அடுத்த வாரமே ஏஜெண்ட் தலைமறைவாகிவிட, தப்பித்தவன் தேங்காய் பழத்தோடு வந்து வாசலில் விழுந்து கும்பிட்டான்.

காரில் வந்திறங்கிய ஒரு பெரியவர், மோதிரக் கையால் ஈரப் போர்வையை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு தொழில் நடத்துறேன் தம்பி. வார காசு கரண்டு பில்லுக்கே சரியாப் போகுது. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமா, மூடிரலாமா?"

என்ன தொழில் என்று கேட்டால் பேச்சு வளரும். "மூடிருங்க."

"எப்ப?"

"இந்த மாசமே."

பெரியவர் ஹப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அருள்பாண்டி படித்தான். விடிகாலையில் எழுந்து, முதல் செருப்பு வாசலில் விழும்வரை படித்தான். மூன்று பெட்டிகளையும் பிரித்துப் பிரித்து மறுபடி சேர்த்தான். கடைசி வாரத்தில் அவன் சொன்னால் அவை உட்கார்ந்தன, சொன்னால் எழுந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் பாஸாகிவிடுவோம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம் இனித்தது. துணிப்பையை எடுத்து வைத்து, மெட்ராசுக்கு இரண்டு சட்டைகளும் மடித்து வைத்துவிட்டான்.

இருபத்தெட்டாம் தேதி காலை அன்னக்கொடி மகன் நெற்றியில் திருநீறு பூசினாள். பஸ் பிடித்துத் தல்லாகுளத்தில் இறங்கி, பரீட்சை மையத்துக்கு மாடியேறினான். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. நாம்தான் முதல் ஆள் என்று சந்தோஷப்பட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தான். கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் வாட்ச்மேன் சோணை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பண்ணே தொறப்பாங்க? பத்து மணிக்குப் பரீட்சை."

"இனி பரீட்சையெல்லாம் இங்க கெடையாது தம்பி. முந்தாநாளே மூடியாச்சு. எழுதணும்னா மெட்ராசுக்குத்தான் போகணும்."

"காசு கட்டி வாங்குன பரீட்சைச் சீட்டு, இன்னையோட செல்லாதுண்ணே." அருள்பாண்டியின் இடுப்பில் பத்து வயது வலி சுருக்கென்று எட்டிப் பார்த்தது. "ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"சொல்லியிருப்பாங்க. மொதல்ல போனத்தான் கட் பண்ணாங்க."

"நல்லாத்தானேண்ணே நடந்துக்கிட்டு இருந்துச்சு. எதுக்கு மூடுனாங்க?"

சோணை அவன் நெற்றித் திருநீற்றையும் வெறுங்காலையும் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"பழங்காநத்தத்துல ஒருத்தர் மூணு பொட்டிய வச்சுக் குறி சொல்றாராம்ல, அவருதான் இந்த மாசமே மூடச் சொன்னாருன்னு எங்க மொதலாளி மூடிட்டாரு. அவரு சொன்னா தப்பாதாம் தம்பி. நீயும் ஒரு எட்டு அங்க போயி, உனக்கு எப்ப வேலை கெடைக்கும்னு கேட்டுப் பாரேன்."