நீச்சலில் பெயர் வாங்கிய குயில்

முதலில் ஒரு விடுகதை. உடம்பு மரத்தில், முகவரி கடலில். நீந்தத் தெரியாது, ஆனால் நீச்சலில் பெயர் வாங்கிவிட்டது. அது என்ன? மீன் என்று நினைத்தவர்கள் கையை இறக்கலாம். ஆமை என்றவர்களும்தான்.

ஒரு காட்டில் பேச்சி என்று ஒரு தவிட்டுக்குருவி இருந்தது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூடி நாள் முழுக்கச் சளசளவென்று பேசும். அவற்றிலும் பேச்சி அதிகம் பேசும். அது பேசாமல் விட்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். தன் கூட்டில் பொரிந்த ஒரு குஞ்சு மட்டும் கறுப்பு வெள்ளையாக, தலையில் கொண்டையோடு, தன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது ஏன் என்பதுதான் அது. ஒரு சுடலைக்குயில் வந்து அந்த முட்டையை இட்டுவிட்டுப் போனதைக் காடே பார்த்தது. பேச்சி அந்தக் குஞ்சுக்குக் கொண்டையன் என்று பெயர் வைத்து, கம்பளிப்புழு பிடித்து ஊட்டி வளர்த்தது.

சுடலைக்குயில்கள் மழைக்காலம் முடிந்ததும் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும். அடுத்த மழைக்குத் திரும்பி வரும். எந்த வழியாகப் போகின்றன என்று காட்டில் எவருக்கும் தெரியாது. குயில்களுக்குத் தெரியும், அவற்றை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வலசைக் கண்காணிப்புப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். அதன் தலைவர் ஆந்தை. அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்பதால் அது தூங்கிக்கொண்டிருக்கும். கோப்பை முன்னால் வைப்பார்கள். தலை சரிந்தால் ஒப்புதல். எழுத்தர் ஓணான். அதன் தலை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். அது ஒப்புதல் அல்ல.

ஓணான் கொண்டையனின் முதுகில் ஒரு சின்னக் கருவியைக் கட்டியது. பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு இறக்கைக்கும் நடுவில் அது உட்கார்ந்தது. கொண்டையன் எங்கே போனாலும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும், அலுவலகத் திரையில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும் என்று ஓணான் விளக்கியது. படிவத்தில் தாயின் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே பேச்சி தன் பெயரைச் சொன்னது.

கொண்டையன் கிளம்பிப் போனது. பேச்சி தினமும் அலுவலகத்துக்கு வந்து, திரைமுன் உட்கார்ந்து, காற்று பலமாக இருக்கிறது தாழ்வாகப் பற, கண்டதைத் தின்னாதே என்று புள்ளிக்குப் புத்தி சொன்னது. ஒரு நாள் நடுக்கடலில் புள்ளி நின்றது.

நடந்தது இதுதான். பையின் வார் அறுந்து பை கடலில் விழுந்துவிட்டது. விழுந்த பை மிதந்தது. வெயிலில் ஓடும் கருவி என்பதால் ஒழுங்காகத் தகவலும் அனுப்பியது. புள்ளி அலையோடு கொஞ்சம் தெற்கே போனது, கொஞ்சம் வடக்கே வந்தது. பேச்சி மூன்று நாள் அழுதது. அலுவலகம் அழவில்லை. கடல்வாழ்வுக்குப் பழகிய முதல் குயில் என்று அறுபது பக்கத்தில் அறிக்கை எழுதியது. சிங்கம் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. ஆந்தை கண்ணைத் திறக்காமலேயே வாங்கிக்கொண்டது.

அடுத்த மழைக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டையன் வந்து பேச்சியின் மரத்தில் உட்கார்ந்தது. மெலிந்திருந்தது. பேச்சி அதன் வாய் நிறையப் புழு ஊட்டியது. ஊட்டும் வயது போய்விட்டதே என்று இரண்டும் கவலைப்படவில்லை.

அந்த ஆண்டு ஒரு புது உத்தரவு வந்திருந்தது. வலசை வரும் பறவைகள் பதிவேட்டில் தங்கள் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் காட்டைவிட்டு வெளியேற வேண்டும். காட்டுக்கு வெளியே மரங்கள் இல்லை, வல்லூறுகள் உண்டு. பேச்சி மகனை அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றது. அவர்கள் முறை வந்தபோது மாலையாகிவிட்டது.

ஓணான் திரையைப் பார்த்தது, கொண்டையனைப் பார்த்தது, மறுபடி திரையைப் பார்த்தது.

"கொண்டையன் கடல்ல இருக்கு."

"இந்தா நிக்கிறானே என் பிள்ளை," என்றது பேச்சி.

"நிக்கட்டும்க்கா. புள்ளி கடல்ல இருக்கு."

விதிப்புத்தகத்தையும் எடுத்துக் காட்டியது. புள் என்றால் பறவை. முதலில் எழுதியவர், 'புள் இருக்கும் இடத்தில் புள்ளி இருக்கும்' என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். நகல் எடுத்த ஓணான் அதை, 'புள்ளி இருக்கும் இடத்தில் புள் இருக்கும்' என்று மாற்றி எழுதிவிட்டது. ஆந்தையின் தலை சரிந்தது. அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

வார் அறுந்த கதையைக் கொண்டையன் விவரமாகச் சொன்னது. ஓணான் தலையாட்டிக்கொண்டே கேட்டது. பிறகு, புள்ளியைத் திருத்தினால் அறிக்கையைத் திருத்த வேண்டும், அறிக்கையைத் திருத்தினால் பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், சிங்கத்தின் குகைக்குள் அதை எடுத்துக்கொண்டு யார் போவது என்று கேட்டது. பேச்சி ஓணானின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியது. வரிசையில் நின்றவர்கள் ரசித்துக் கேட்டார்கள். ஆந்தை விழிக்கவில்லை.

ஓணானுக்கும் இரக்கம் உண்டு. அது ஒரு வழி சொன்னது. கொண்டையன் புதுப் பறவையாகப் பதிந்துகொள்ளலாம். புதுப் பெயர், புதுப் பை. காட்டில் எந்த மரத்திலும் உட்காரலாம். பேச்சியின் மகன் கொண்டையன் கடலிலேயே நீந்திக்கொண்டிருக்கட்டும். புதுப் பறவையின் படிவத்தில், தாயின் பெயர் மட்டும் 'தெரியாது' என்று இருக்க வேண்டும்.

"நான் இருக்கேனே," என்றது பேச்சி.

"நீங்க நீச்சல்காரனோட அம்மா. ஒரு அம்மா பேருக்கு ஒரு புள்ளிதான். அதுவும் போக, தெரியாதுங்கிறதுதானேக்கா நெசம்? இந்த ஆபீஸ்ல எழுதுற முதல் உண்மையா அது இருந்துட்டுப் போகட்டும்."

காடே பார்த்த விஷயத்தைப் பேச்சியின் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னது அன்றுதான். பேச்சி மகனின் கொண்டையை அலகால் கோதிவிட்டது.

சூரியன் மரங்களுக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

"என்னம்மா செய்ய?" என்றது கொண்டையன்.

"உன் படிவம்டா. நீயே எழுது."

கொண்டையன் படிவத்தை வாங்கியது. 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதுப் பையை மாட்டிக்கொண்டது.

நீதி: அம்மாவைத் தொலைத்தாலும் பையைத் தொலைக்கக் கூடாது.